ரக்கூனோடு ஒரு காலைச் சாப்பாடு, முட்டை ஒவ்வாத பிள்ளையோடு

இந்தப் பதிவை மூன்று வாரம் பிந்தி எழுதுகிறேன். போய்வந்த அன்றே எழுதுவதாகத்தான் இருந்தது. படங்கள் எடுத்து, விலைகளைக் குறித்து, நேரங்களைக்கூடக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புகள் காலை 9.20 உடன் நின்றுபோகின்றன. அதற்குப் பிறகு நடந்ததை நினைவிலிருந்துதான் எழுதவேண்டும். அது கடினமில்லை. ஒன்றும் மறக்கவில்லை.

எங்கள் மகன் ஆதிக்கு இந்த ஜூனில் நான்கு வயது முடிந்தது. அவனுக்கு முட்டை கடுமையாக ஒவ்வாது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது அரைக் கரண்டி அவித்த முட்டையில் அதைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் முட்டை வருவதில்லை. பிறந்தநாள் கொண்டாட்டமோ கோயிலோ, எங்கே போனாலும் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் இரண்டு எபிபென் ஊசிகளும் கூடவே வரும். ஆதி ஓர் உணவகத்தில்கூடச் சாப்பிட்டதில்லை.

வருகிற செப்ரெம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன். பகல் சாப்பாட்டை நான் இல்லாத ஓர் அறையில், இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து சாப்பிடப்போகிறான். அதனால் அதற்கு முன் ஒரே ஒரு தடவை, வெளியே, வேறு யாரோ சமைத்த சாப்பாட்டை அவன் சாப்பிட்டு நல்லபடியாக வீடு திரும்பவேண்டும் என்று நினைத்தேன். என்னுடைய மனத்தில் அது ஒரு பரீட்சை. இடத்தைத் தேர்ந்தது அவன்தான். நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், சமையல்காரத் தொப்பி போட்ட பிக்கிள் என்கிற ரக்கூன் வேடக்காரர் ஒவ்வொரு மேசைக்கும் வந்து பிள்ளைகளோடு படம் எடுக்கும் காலை பஃபே ஒன்று இருக்கிறது. அந்த இடத்தின் வீடியோவை ஆதி எத்தனை தடவை பார்த்தான் என்று எனக்குத் தெரியாது.

பூங்காவின் பெயரை நான் எழுதவில்லை. அதன் பெயரோடு ஒரு பிழையான கதை ஏற்கெனவே எங்கள் சொந்தக்காரரின் வாட்ஸப்பில் சுற்றிவிட்டது. அந்தக் கதையைத் திருத்துவதும் இந்தப் பதிவின் ஒரு வேலை.

பதிவு செய்வதைப் பற்றி முதலில். இணையத்திலேயே மேசை பிடிக்கலாம், ஆனால் ஒவ்வாமை இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். நான் இரண்டு வாரத்துக்கு முன் பேசினேன், அதற்குப் பிறகும் இரண்டு தடவை பேசினேன். பெரியவர்களுக்கு 44 டொலர், நான்கிலிருந்து ஒன்பது வயதுவரை 27. வரியும் டிப்ஸும் தனி. பூங்கா நுழைவுச் சீட்டும் வாகனத் தரிப்பிடமும் தனி. எட்டரை மணி மேசையை எடுங்கள். பூங்கா பத்து மணிக்குத்தான் திறக்கும், அதனால் கூட்டம் குறைவு. அதோடு, தட்டுகள் எல்லாம் அப்போதுதான் புதிதாக வைக்கப்பட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை 7.25க்கு மல்வேர்னில் உள்ள வீட்டிலிருந்து புறப்பட்டோம். நானும் என் கணவர் ரமணனும் ஆதியும், விட்பியிலிருந்து விடியவே வந்துவிட்ட மச்சாளும். மச்சாள் என்றால் ரமணனின் அக்கா, ஆதிக்கு மாமி. 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய் 400இல் வடக்கே திரும்பினால் 39 கிலோமீற்றர். கட்டணச் சாலையான 407இல் போனால் பத்து நிமிடம் மிச்சம், ஆனால் சனிக்கிழமை அந்த நேரத்தில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. 8.10க்குத் தரிப்பிடத்தில் நின்றோம். வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று பயந்திருந்தேன். வைத்தியரின் கடிதத்தைக் காட்டியதும் பெட்டியையும் ஊசிகளையும் தொடாமல் விட்டார்கள்.

வரும் வழியில் மச்சாளுக்கு நான் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். காரணம் இருக்கிறது. மச்சாளுக்குப் பிள்ளைகளைக் கண்டால் தீத்தாமல் இருக்க முடியாது. தன் தட்டில் உள்ளதில் ஒரு வாய் எடுத்து, உருட்டி, கிட்டத்தில் நிற்கும் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவார். எங்கள் ஆட்களில் அது அன்பு. யாரும் பிழையாக நினைப்பதில்லை. நான் மூன்று வருடமாக அந்தக் கையைத்தான் கண்காணித்து வருகிறேன்.

“பஃபேயில நீங்கள் என்னவும் சாப்பிடுங்கோ மச்சாள். அவனுக்கு மட்டும் ஒண்டும் குடுக்கக் கூடாது.”

“ஓம் ஓம். இதோட ஏழாந்தரம் சொல்லிப்போட்டீர் வாணி.”

“சாப்பிட்டாப் பிறகு அவனைத் தொட முதல் கை கழுவவேணும். சோப்புப் போட்டு.”

“என்ர கை பட்டால் அவனுக்கு ஷொக் அடிக்குமோ?” என்று மச்சாள் ரமணனைப் பார்த்துக் கேட்டார். “டேய், உன்ர மனிசி ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் தியேட்டர் பிடிச்சு அங்க வைச்சுப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்திருக்கலாம்.”

ரமணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8.35க்கு மேசைக்குக் கொண்டுபோனார்கள். மரக் குடிசைபோல் அமைத்த பெரிய கூடம், நாற்பது மேசைகள் இருக்கலாம். ஒவ்வாமை என்று பதிந்திருந்தால் சமையல்காரர் ஒருவர் மேசைக்கு வந்து பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். என் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு, “தமிழோ?” என்றார்.

“ஓம்.”

“என்ர பேர் அன்ரன். மன்னார். வாங்கோ தங்கச்சி, முதல் ஒருக்காச் சுத்திக் காட்டுறன்.”

பஃபேயைச் சுற்றி நடந்தோம். பதினாலு தட்டங்கள் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அன்ரன் அண்ணை சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். கடைசியில் அவர் சொன்னதுதான் முக்கியம். “இவ்வளவும் காட்டினது உங்களுக்குத் தெரியவேணும் எண்டதுக்குத்தான். பிள்ளைக்கு இதில ஒண்டையும் எடுக்காதேங்கோ. பழத்தைக்கூட எடுக்காதேங்கோ. சனம் ஓம்லெட் எடுத்த கரண்டியைக் கொண்டுபோய் முலாம்பழத்துக்க வைக்கும்.”

“அப்ப என்ன குடுப்பியள்?”

“முட்டை இல்லாமல் வாழைப்பழம் போட்டுப் பான்கேக். உருளைக்கிழங்குப் பொரியல். பழம் பின்னுக்குப் புதுசா வெட்டித் தாறன்.”

“சட்டி?”

“வேற சட்டி. பலகையும் வேற. அலர்ஜிக்கு ஊதாப் பலகை, அதில வேற ஒண்டும் வெட்டமாட்டம்.”

“மாவில முட்டைத்தூள்...”

“பக்கற்றைக் கொண்டந்து காட்டுறன், நீங்களே வாசியுங்கோ.” அவர் நின்று என்னைப் பார்த்தார். “என்ர மூத்தவளுக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது. எத்தினை கேள்வி வேணுமெண்டாலும் கேளுங்கோ. எனக்குக் கோவம் வராது.”

பக்கற்றைக் கொண்டுவந்தார். வாசித்தேன். முட்டை இல்லை.

ஆதியின் தட்டு 9.02க்கு வந்தது. அலர்ஜி அடையாளமாக ஊதாக் குச்சி குத்தி, மூடியால் மூடி, அவரே கையில் கொண்டுவந்தார். மூன்று சிறிய பான்கேக்குகள். ஆதி முள்ளுக்கரண்டியால் தானாகவே குத்தி நாலு வாய் சாப்பிட்டான். நான் அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பிறகும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடங்களில் என் தோள்கள் இறங்கியதை நானே உணர்ந்தேன்.

ரமணன் எனக்கு ஒரு தட்டு நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். அதில் பிரெஞ்ச் ரோஸ்ட் இரண்டு துண்டு இருந்தது, முட்டையில் தோய்த்துப் பொரித்த பாண்.

“மூண்டு வருசம் நீர் இதைத் தொடேல்லை. சாப்பிடும். அவன் நல்லாத்தானே இருக்கிறான்.”

சாப்பிட்டேன். ஒரு துண்டைக் கையால் பிய்த்து, சீனிப் பாணியில் தோய்த்து. நன்றாக இருந்தது. பிறகு பையிலிருந்து கை சுத்தம் செய்யும் ஜெல்லை எடுத்து இரண்டு தரம் பிதுக்கி, விரல்களுக்கிடையில் எல்லாம் தேய்த்தேன். மச்சாள் அந்த நேரம் கழிப்பறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி மேசைகளுக்கு நடுவால் நடந்துவந்தார்.

“டொக்ரர் வந்திட்டா. கத்தியைத் தாங்கோ.”

அப்போதுதான் பிக்கிள் வந்தது. ஆறடி உயரம், சாம்பல் மயிர், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். ஆதி முள்ளுக்கரண்டியைப் போட்டுவிட்டான். “அம்மா, ஹி இஸ் கமிங்! ஹி இஸ் கமிங் டு மீ!” பிறகு அவன் தட்டைப் பார்க்கவில்லை. இரண்டு பான்கேக் அப்படியே கிடந்தது.

பிள்ளை சாப்பாட்டை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். பராக்குக் காட்டித் தீத்துவது. யன்னலால் பஸ்ஸைக் காட்டி, அணிலைக் காட்டி, போன பனிக்காலம் முழுக்கப் பனி தள்ளும் வண்டியைக் காட்டி நான் அவனுக்குச் சோறு தீத்தியிருக்கிறேன். அன்று ரக்கூன். “அங்க பாருங்கோ, பிக்கிள் தொப்பியைக் கழட்டுது... ஆ காட்டுங்கோ.” பான்கேக்கைப் பிய்த்து உருட்டி ஒரு வாய். “அங்க பாருங்கோ, உங்களுக்குத்தான் கை காட்டுது.” இன்னொரு வாய். ஆறோ ஏழோ வாய் இருக்கும். தட்டு வெறுமையானபோது 9.20 என்று குறித்தேன். பக்கத்தில் “முழுவதும் சாப்பிட்டான்” என்றும் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு முதலில் உதட்டைத் தேய்த்தான். பாணி ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு இருமினான். கழுத்தில் சிவப்பாகத் தடித்து, நான் பார்க்கப் பார்க்கவே அது காதுவரை ஏறியது. “அம்மா” என்று கூப்பிட்ட குரல் அவனுடைய குரலாக இல்லை. வாந்தி எடுத்தான்.

ஊசி போடுவதை நான் தோடம்பழத்தில் பலதடவை பழகியிருக்கிறேன். பிள்ளையின் தொடை வேறு. ஆனாலும் கை தானாகவே செய்தது. நீல மூடியை இழுத்து, காற்சட்டைக்கு மேலாகத் தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தி, மூன்று எண்ணினேன். ரமணன் 911 அவசர சேவையுடன் பேசிக்கொண்டிருந்தார். ஆதியைத் தரையில் கிடத்தினோம்.

அந்த நேரத்தில் நான் தலையைத் தூக்கி மச்சாளைப் பார்த்துக் கத்தினேன்.

“நீங்கள் தீத்தினீங்களே? சொல்லுங்கோ, தீத்தினீங்களே அவனுக்கு?”

“இல்லை வாணி.” மச்சாள் தன் கைகளைப் பார்த்தார். “இல்லை... நான் தீத்தேல்லை.”

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவருக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பினேன்.

அன்ரன் அண்ணை ஓடிவந்தார். ரமணன் அவரிடம் தொலைபேசியைப் பிடித்தபடியே, “என்னத்தை அண்ணை போட்டனீங்கள் அதுக்குள்ள?” என்றார். அவர் உள்ளே போய் அந்த மாப்பக்கற்றைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார், வருகிறவர்களிடம் கொடுப்பதற்காக. பிக்கிள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மற்றப் பிள்ளைகள் இந்தப் பக்கம் பார்க்காதபடி கைகளை அகல விரித்து ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் யாரென்று தெரியாது. அவருக்கு நன்றி.

ஆம்புலன்ஸ் வந்தபோதே மூச்சுத் திணறல் சற்றுக் குறைந்திருந்தது. வைத்தியசாலைக்குப் பதினைந்து நிமிடம். அங்கே நாலரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தார்கள். மருந்து வேலைசெய்த பிறகும் ஒவ்வாமை திரும்ப வரக்கூடும் என்பதால்.

ஆதி நித்திரையான பிறகு இளம் பெண் வைத்தியர் ஒருவர் வந்து கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மாப்பக்கற்றின் படத்தைப் பார்த்திருந்தார். தட்டு வந்ததிலிருந்து நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார். முதல் நாலு வாயை அவனாகச் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

“அதற்குப் பிறகு?”

“நான் ஊட்டினேன்.”

“கரண்டியாலா?”

“கையால்.”

“அந்தக் கையால் அதற்கு முன் எதைத் தொட்டீர்கள்?”

என் வலது கை மடியில் கிடந்தது. நகக்கண்ணில் பாணி காய்ந்து பழுப்பாக இருந்தது.

“ஜெல் போட்டேன்,” என்றேன்.

“ஜெல் கிருமியைக் கொல்லும். முட்டையைக் கையிலிருந்து எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும்.” அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டே சொன்னார். நான் அதை முன்பே வாசித்திருக்கிறேன். ஒவ்வாமை வைத்தியர் தந்த தாளில் இருக்கிறது. மச்சாளுக்கு ஏழு தடவை சொன்னேன், சோப்புப் போட்டு என்று.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் மச்சாள் ஆதியின் ஒற்றைச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அது மேசைக்குக் கீழே விழுந்து கிடந்ததாம். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். “மச்சாள், நான்தான். நான் பாண் சாப்பிட்ட கையால தீத்தியிருக்கிறன்.”

அவர் சப்பாத்தை மடியில் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார். “நீர் கத்தினாப் பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டுது வாணி. என்னை அறியாமல் ஒரு வாய் வைச்சிட்டனோ எண்டு. மூண்டு மணித்தியாலமா இதில இருந்து அதைத்தான் யோசிக்கிறன்.”

மன்னிப்புக் கேட்டேன். “சரி, சரி” என்றார். அது சரியாகிவிடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் இப்போதும் வருகிறார். ஆனால் ஆதிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பதில்லை.

ரமணனிடம் சொன்னபோது அவர், “அந்தத் தட்டைக் கொண்டந்து வைச்சதே நான்தானே” என்றார். அதற்குள் அவர் வாட்ஸப்பில் குடும்பத்தாருக்கு எழுதிவிட்டிருந்தார், பூங்காக் கிச்சினில் முட்டை கலந்துவிட்டார்கள் என்று. யாரோ அதைப் பூங்காவின் பெயரோடு இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்து அன்ரன் அண்ணையைக் கேட்டேன்.

“பிள்ளை எப்பிடி?” அதுதான் முதலில் கேட்டார்.

நல்லாயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

“ரெண்டு நாளா அந்தச் சட்டியைத்தான் திருப்பித் திருப்பி யோசிச்சனான்,” என்றார். “விசாரணை முடியுமட்டும் அலர்ஜி ஓடர் எனக்குத் தரமாட்டினம். தங்கச்சி, இதை ஒருக்கா எழுத்தில தருவியளே?”

அன்றே மின்னஞ்சல் எழுதினேன். வைத்தியரின் குறிப்பையும் இணைத்தேன். மறுவாரம் தன்னை அலர்ஜி ஓடர் வேலைக்கே திரும்ப எடுத்துவிட்டதாக அன்ரன் அண்ணை சொன்னார். வாட்ஸப்பில் ரமணன் திருத்தம் போட்டார். முதல் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப்பேர்கூட அதை அனுப்பவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: அந்தக் கிச்சினில் பிழை இல்லை. அந்தத் தட்டில் முட்டை இருக்கவில்லை. என் கையில் இருந்தது.

ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு இப்படியான இடத்துக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றே சொல்வேன். தொலைபேசியில் பதியுங்கள், சமையல்காரரோடு நேரில் பேசுங்கள், பஃபேத் தட்டங்களில் எதையும் பிள்ளைக்கு எடுக்காதீர்கள். அதே மேசையில் இருக்கும் பெரியவர்களும் பிள்ளை சாப்பிடுவதைச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. நாலு பேருக்கும் அன்ரன் அண்ணையிடமே கேட்டிருக்கலாம், அவர் மறுத்திருக்க மாட்டார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று உட்காரும் முன்னே பாருங்கள், ஜெல்லைப் பையிலேயே விடுங்கள். ஊசி இரண்டு கொண்டுபோங்கள். போடவேண்டுமா என்று யோசிக்கும் நேரத்திலேயே போடுங்கள், போட்ட பிறகு பிள்ளை தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 45 டொலர் பில் பிறகு தபாலில் வரும். பிக்கிளோடு எடுத்த படத்தை வெளியே போகும்போது வாங்கவேண்டும். நாங்கள் வாங்கவில்லை.

மூன்று வருடமாக நான் மற்றவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆதி தானாகவே சாப்பிடுகிறான். ஒரு கோப்பைச் சோறு முடிய ஐம்பது நிமிடம் போகிறது, பாதி நிலத்தில். நான் எதிரே இருந்து பார்க்கிறேன். தீத்தவேண்டும் என்று வரும்போது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

அவனுக்கு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கியிருக்கிறேன். யார் எதைக் கொடுத்தாலும், ரீச்சர் என்றாலும் மாமி என்றாலும், வாயைத் திறக்கும் முன் அதைக் கேட்கவேண்டும். ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்தேன். நேற்று முன்தினம் மாம்பழம் வெட்டி, ஒரு துண்டை அவனுக்கு நீட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டு என்னுடைய கையைப் பார்த்தான்.

“அம்மா, சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?”

கழுவியிருந்தேன். ஆனாலும் எழுந்துபோய், அவன் பார்க்கும்படி குழாயைத் திறந்து, இன்னொரு தடவை கழுவினேன்.